எழுத்துரிமையும் அந்தரங்கமும் பாதுகாப்பும்

(நமது கல்விச் சங்கத்தின் வெள்ளி விழாவில், நெய்க்காரப்பட்டியில் ஆற்றிய உரை)

கைப்பேசி குறித்துப் பேச வேண்டும் என்று விழாக் குழுவினர் பணித்திருக்கிறார்கள். வெள்ளி விழாவில் பேசுவதற்கு இது சிறிய பொருள் என்று சிலர் கருதக்கூடும். ஆயினும், சங்கத்தின் சென்ற சில கூட்டங்களில் மிகுந்த சூட்டோடு பேசப்பட்டது இப்பொருளேயாகும். "பெண் பிள்ளைகள் கையில் கைப்பேசி இருக்கக் கூடாது, சங்கம் அவ்வாறு ஒரு கட்டுப்பாடு விதிக்க வேண்டும்" என்று பெற்றோரில் ஒரு சாரார் கூறுகின்றனர். "எங்கள் கைப்பேசியை எவரும் தொடக் கூடாது, எதை எழுதினாலும் எவரும் கேட்கக் கூடாது" என்று இளைஞரில் ஒரு சாரார் கூறுகின்றனர். "எழுதுகிறவன் எவன் என்று அரசாங்கத்துக்குத் தெரிந்துவிட்டால் இந்த வசைபாடிகள் எல்லாம் அடங்கிப் போவார்கள்" என்பது மூன்றாமவர் கருத்து. மூன்றிலும் ஒரு நியாயம் உண்டு. ஒரு பிழையும் உண்டு. அவற்றை ஆய்ந்து, நாம் செய்யத்தக்கது யாது என்று தெளிவதே இவ்வுரையின் நோக்கம்.

முதலில் பேச்சுரிமையை எடுத்துக்கொள்வோம். நம் மக்களுக்கு அது எளிதில் கிட்டிய பொருளன்று. ஊர்ப் பொதுவில் நிமிர்ந்து நின்று பேசுவதே குற்றம் என்றிருந்த காலத்தில், 1893ஆம் ஆண்டு சென்னையில் இரட்டைமலை சீனிவாசன் அவர்கள், எந்தப் பெயரைச் சொல்லி நம்மை இழித்தார்களோ அந்தப் பெயரையே தலைப்பாகச் சூட்டி, 'பறையன்' என்ற இதழைத் தொடங்கினார். 1907ஆம் ஆண்டு ஜூன் 19ஆம் நாள் அயோத்திதாசப் பண்டிதர் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். விலை ஒரு பைசா. ஏழையும் வாங்கிப் படிக்க வேண்டும் என்பது எண்ணம். 1920ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பம்பாயில் அண்ணல் அம்பேத்கர் 'மூக்நாயக்' இதழைத் தொடங்கினார். ஊமைகளின் தலைவன் என்பது அப்பெயரின் பொருள். கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் அதற்குப் பொருளுதவி செய்தார். அச்சகமும் காகிதமும் பிறர் கையில் இருந்த காலத்தில், நமக்கென ஓர் ஏடு வேண்டும் என்று இம்மூவரும் பட்ட பாடு பெரிது. இன்று கைப்பேசி வைத்திருக்கும் ஒவ்வோர் இளைஞனும் ஓர் இதழாசிரியன் ஆகிவிட்டான். குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்படாததை, சுடுகாட்டுக்குப் பாதை மறுக்கப்படுவதை, டீக்கடையில் தனிக் குவளை வைத்திருப்பதை அவன் படம் எடுத்து அன்று மாலையே உலகறியச் செய்ய முடிகிறது. ஆகையால் கைப்பேசியைப் பிடுங்குவோம் என்பவர்கள், நூறாண்டு கடந்து நம் கைக்கு வந்த அச்சகத்தைப் பிடுங்குகிறோம் என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

அரசியலமைப்பின் 19(1)(அ) பிரிவு பேச்சுரிமையை வழங்குகிறது. 19(2) பிரிவு அதற்கு வரம்பு கட்டுகிறது. இந்த வரம்பு பற்றிய வரலாறு நம் சென்னை மாகாணத்தோடு தொடர்புடையது. பம்பாயிலிருந்து வெளிவந்த 'கிராஸ் ரோட்ஸ்' என்ற வார இதழ் நம் மாகாணத்துக்குள் வரக்கூடாது என்று அன்றைய அரசு தடை விதித்தது. அதன் ஆசிரியர் ரொமேஷ் தாப்பர் தொடுத்த வழக்கில், 1950ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அத்தடை செல்லாது என்றது. அடுத்த ஆண்டு, செண்பகம் துரைராசன் வழக்கில், நம் மாகாணத்தின் வகுப்புவாரி அரசாணையும் செல்லாது என்று தீர்ப்பாயிற்று. இவ்விரண்டுக்கும் விடையாக 1951ஆம் ஆண்டு அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்தது. அப்போது அண்ணல் அம்பேத்கர் சட்ட அமைச்சர். அந்த ஒரே திருத்தம் இரண்டு காரியங்களைச் செய்தது. கல்வியில் இடஒதுக்கீட்டுக்கு அரணான 15(4) பிரிவைத் தந்தது; பேச்சுரிமைக்குப் பொது ஒழுங்கு முதலிய புதிய வரம்புகளைச் சேர்த்தது. எனினும், அவ்வரம்புகள் 'நியாயமானவையாக' இருக்க வேண்டும் என்ற ஒரு சொல்லையும் அதே திருத்தம் அப்பிரிவில் பொறித்தது. அந்த ஒரு சொல்லைப் பற்றிக்கொண்டுதான் இன்றுவரை நீதிமன்றங்கள் அரசின் தடைகளை எடைபோட்டு வருகின்றன.

பேச்சுரிமை நமக்குக் கசக்கும் இடமும் உண்டு. இடஒதுக்கீட்டைக் குறைகூறி 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்த் திரைப்படம் எடுக்கப்பட்டது. நம் மக்கள் மனம் புண்பட்டனர்; எதிர்ப்பு எழுந்தது; சென்னை உயர் நீதிமன்றம் படத்தின் தணிக்கைச் சான்றை இரத்து செய்தது. ஆனால் உச்ச நீதிமன்றம் 1989ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் அத்தீர்ப்பை மாற்றிப் படத்துக்கு அனுமதி தந்தது. ஊர்வலமும் மறியலும் நடக்கும் என்ற அச்சுறுத்தலைக் காரணமாகக் காட்டிக் கருத்தை அடக்குதல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். அன்று தோற்றது நம் தரப்பே. ஆயினும் ஆழ்ந்து நோக்குங்கள். நாளை நம் இளைஞன் ஒருவன் சாதிக் கொடுமை பற்றி ஒரு குறும்படம் எடுக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். ஆதிக்கச் சாதியார் நூறு பேர் திரண்டு, "இது திரையிடப்பட்டால் ஊர் பற்றி எரியும்" என்று மனுக் கொடுத்தால், அவனைக் காக்கப் போவது அந்த 1989ஆம் ஆண்டுத் தீர்ப்பே. அடக்குமுறையின் கத்தி எளியவன் கழுத்தில்தான் முதலில் விழும். அதனால் பிறர் கருத்துக்கு மறுப்பு எழுதும் பழக்கமே நமக்கு ஏற்றது. தடை கேட்கும் பழக்கம் நமக்கு ஆகாது.

கருத்து வேறு, இழிவு வேறு. இடஒதுக்கீடு வேண்டாம் என்று ஒருவன் வாதிடுவது கருத்து. சாதிப் பெயரைச் சொல்லி ஒருவனை இழிப்பதும், ஒரு சமூகத்தின் மீது பகை மூட்டுவதும் குற்றம். 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 3(1) பிரிவின் (ஆர்), (எஸ்), (யு) உட்பிரிவுகளில் இவற்றைத் தண்டனைக்குரியனவாக்கியுள்ளது. "பொதுமக்கள் பார்வையில் உள்ள இடத்தில் நடந்திருக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது, இணையத்தில் எழுதினால் அது இடமாகுமா?" என்று கேட்டனர். இணையத்தில் போட்ட காணொளியைப் பிறர் பார்க்கும் ஒவ்வொரு முறையும் அது பொதுப் பார்வையில் நடந்ததாகவே கொள்ளப்படும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022ஆம் ஆண்டு கூறியிருக்கிறது. 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில், பட்டியலின மக்களை இழித்துக் காணொளி வெளியிட்ட திரைத்துறையினர் ஒருவரைச் சென்னைக் காவல்துறை இச்சட்டத்தின்கீழ்க் கைது செய்தது. ஆகவே, இழிவுக்குப் பதில் இழிவு எழுதாதீர்கள். அப்பக்கத்தை நாளோடும் நேரத்தோடும் படம் பிடித்து வைத்துக்கொண்டு புகார் எழுதுங்கள். வசைக்கு வசை எழுதினால் வழக்கு இருதரப்பாகிவிடும். நம் நியாயம் நீர்த்துப் போகும்.

அடுத்தது அந்தரங்கம். இது வசதியுள்ளவர் பேசும் பேச்சு, ஓலைக் கொட்டகைக்கு அந்தரங்கம் ஏது என்று நம்மில் சிலர் கேட்பர். பிறர் எவரையும்விட நமக்கே அது மிகவும் வேண்டும் என்பது நம் கருத்து. சாதி என்பது ஒரு கண். இவன் எந்தத் தெரு, எவர் மகன், எவரோடு பேசுகிறான், எந்தக் கடையில் உண்டான், எந்தப் பேருந்தில் எவர் அருகே அமர்ந்தான் என்று அந்தக் கண் ஓயாமல் உளவு பார்க்கிறது. நகரத்துக்குச் சென்ற நம் பிள்ளைகள் வாடகை வீடு தேடும்போது முதலில் எதிர்கொள்ளும் கேள்வி எது? "என்ன ஆளுக?" என்பதுதானே? அக்கேள்விக்கு விடை சொல்லாதிருக்கும் உரிமையே அந்தரங்கம். 2017ஆம் ஆண்டு ஆகஸ்ட் 24ஆம் நாள், புட்டசாமி வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமித்து, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று தீர்ப்பளித்தனர்.

அந்தரங்கம் உயிர் காக்கும் என்பதற்கு நம் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1967ஆம் ஆண்டு அண்ணா முதலமைச்சராக இருந்தபோது நிறைவேறிய சுயமரியாதைத் திருமணச் சட்டம், புரோகிதர் இன்றி, உற்றார் நண்பர் முன்னிலையில் மணம் செய்துகொள்ள வழி செய்தது. வழக்கறிஞர் அலுவலகத்தில் மறைவாக நடத்தும் மணம் செல்லாது. மணம் என்பது பலரறிய நடக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2014ஆம் ஆண்டு கூறியது. 2023ஆம் ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இளவரசன் வழக்கில் அக்கருத்தை ஏற்க மறுத்தது. குடும்பத்தார் எதிர்ப்புக்கும் உயிருக்கும் அஞ்சும் இணையர் பலரறிய அறிவித்துத்தான் மணக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினால் அவர்கள் உயிருக்கே ஊறு நேரலாம் என்று எடுத்துரைத்தது. நம் ஊரிலிருந்து பேருந்து ஏறினால் ஒரு மணி நேரத்தில் அடையக்கூடிய உடுமலைப்பேட்டையில், 2016ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் நாள் பட்டப்பகலில் நடந்ததை அறிந்த நமக்கு அத்தீர்ப்பின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

இனிப் பாதுகாப்புக்கு வருவோம். பெற்றோர் அஞ்சுவதில் பொருள் உண்டு. நம் நெடுஞ்சாலையிலேயே உடுமலைக்கும் அப்பால் இருப்பது பொள்ளாச்சி. அங்கே 2019ஆம் ஆண்டு பிப்ரவரியில் வெளியான கொடுமையை நாடே அறியும். பெண்களிடம் நட்புக் கொண்டாடி ஏமாற்றி அழைத்துச் சென்று, வன்கொடுமை செய்து, அதைக் காணொளியாக்கி, அதைக் காட்டியே மிரட்டி வந்தனர். 2025ஆம் ஆண்டு மே 13ஆம் நாள் கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும்வரை ஆயுள் தண்டனை விதித்தது. சேலம் மாவட்டத்தில் 2016ஆம் ஆண்டு ஜூனில், ஒட்டு வேலை செய்த ஆபாசப் படத்தை எவனோ முகநூலில் போட்டதனால், புகார் கொடுத்தும் உடனே தீர்வு கிட்டாத நிலையில், 21 வயதுப் பெண் ஒருத்தி தன்னுயிரை மாய்த்துக்கொண்டாள்.

பொய்ச் செய்தியும் கொல்கிறது. 2018ஆம் ஆண்டு மே மாதம், பிள்ளை பிடிப்போர் சுற்றுகின்றனர் என்ற வதந்தி வாட்ஸ்அப்பில் பரவியது. திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்குச் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார் என்பதற்காக ஊரார் அடித்தே கொன்றனர். அந்தச் செய்தியை அனுப்பிய ஒவ்வொருவரும், ஊருக்கு நன்மை செய்வதாகவே எண்ணி அனுப்பியிருப்பர். நல்லெண்ணத்தோடு அனுப்பிய பொய் கெட்ட எண்ணத்தோடு அனுப்பியதைவிட விரைவாகப் பரவும். ஏனெனில் அதை அனுப்புபவனை நாம் நம்புகிறோம்.

இவ்வளவு கேடுகள் இருக்க, இவற்றுக்கு மருந்து யாது? இதுவரை நாட்டில் மூவகை மருந்துகள் முயலப்பட்டன. மூன்றையும் பார்ப்போம்.

முதலாவது, தடை. நம் திண்டுக்கல் மாவட்டத்துக்கும் உரிய மதுரை உயர் நீதிமன்றக் கிளை, 2019ஆம் ஆண்டு ஏப்ரல் 3ஆம் நாள், சிறாரைக் கெடுக்கிறது என்ற காரணத்தால் டிக்டாக் செயலியைத் தரவிறக்கம் செய்யத் தடை விதிக்குமாறு ஆணையிட்டது. பின்பு, நீதிமன்றத்துக்கு உதவ அமர்த்தப்பட்ட மூத்த வழக்கறிஞரின் கருத்தையும் நிறுவனத்தின் உறுதிமொழியையும் கேட்டு, அதே மாதம் 24ஆம் நாள் நிபந்தனையோடு தடையை நீக்கியது. 2020ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் நடுவண் அரசு, நாட்டின் பாதுகாப்பு என்ற வேறு காரணத்துக்காக அதனையும் சேர்த்து 59 செயலிகளைத் தடை செய்தது. ஒரு செயலி மறைந்தது; வேறு செயலிகளில் அதே கூத்து தொடர்ந்தது. கூடவே, சபா மேடை கிட்டாத நாட்டுப்புறக் கலைஞர் பலர் தமக்கெனக் கண்டுபிடித்த ஒரு மேடையும் பறிபோயிற்று.

இரண்டாவது, தெளிவற்ற தண்டனைச் சட்டம். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்றொரு பிரிவு இருந்தது. 'எரிச்சலூட்டும்' செய்தி அனுப்பினால் மூன்றாண்டுவரை சிறை. பெண்களைக் காக்கும் என்று அதைப் புகழ்ந்தோர் உண்டு. நடந்தது வேறு. 2012ஆம் ஆண்டு அக்டோபரில், மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைக் குறைகூறி ஒரு வரி எழுதிய புதுச்சேரி வணிகர் கைதானார். அடுத்த மாதம், ஒரு தலைவர் மறைவுக்காக நகரத்தை அடைப்பதேன் என்று கேட்டெழுதிய மராட்டியப் பெண்ணும், அதற்கு விருப்பக் குறி இட்ட தோழியும் கைதாயினர். 2015ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அப்பிரிவையே செல்லாததாக்கியது. தெளிவற்ற சட்டம் அதிகாரம் உள்ளவன் கையில்தான் ஆயுதமாகும் என்பதே இதன் பாடம்.

மூன்றாவது, எல்லோரையும் அடையாளம் காண்பது. 2018ஆம் ஆண்டு சென்னை உயர் நீதிமன்றத்தில், சமூக ஊடகக் கணக்குகள் அனைத்தையும் ஆதார் முதலிய அரசு அடையாள எண்ணோடு இணைக்க வேண்டும் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. இணைய வழியில் பிறரைத் துன்புறுத்துவோரைப் பிடிக்கவே இக்கோரிக்கை எழுந்தது. நீதிமன்றம் ஆதார் இணைப்பை ஏற்கவில்லை. ஆனால், ஒரு செய்தியை முதன்முதலில் அனுப்பியவர் எவர் என்று கண்டறிய இயலுமா என்ற ஆய்வு அவ்வழக்கில் தொடர்ந்தது. அனுப்புவோரும் பெறுவோரும் தவிர வேறெவரும் படிக்க இயலாதவாறு செய்திகள் பூட்டப்பட்டிருக்கின்றன. அப்பூட்டை உடைத்தால் அனைவர் அந்தரங்கமும் போய்விடும் என்றது வாட்ஸ்அப் நிறுவனம். பூட்டை உடைக்காமலே முதல் அனுப்புநரை அறிய வழியுண்டு என்றார் சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் காமகோடி. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடுவண் அரசு கொணர்ந்த விதிகள், கடுங்குற்றங்களில் நீதிமன்றமோ உரிய அதிகாரியோ ஆணையிட்டால் பெரிய நிறுவனங்கள் முதல் அனுப்புநரைக் காட்ட வேண்டும் என்றன. அதை எதிர்த்து வாட்ஸ்அப் தில்லி உயர் நீதிமன்றம் சென்றது.

இவ்விடத்தில் நாம் எந்தப் பக்கம் நிற்பது? நம்மை இழிப்பவன் முகமூடி அணிந்து வருகிறான். அவன் முகமூடியைக் கிழிக்க வேண்டும் என்று மனம் துடிப்பது இயல்பே. ஆனால் அதே முகமூடி நம்மவருக்கும் வேண்டியிருக்கிறது. பண்ணையாரிடம் கூலி பெறுபவன், அவர் தோட்டத்தில் நடக்கும் கொத்தடிமைக் கொடுமையைத் தன் பெயர் போட்டு எழுத முடியுமா? அலுவலகத்தில் சாதி பார்க்கும் மேலதிகாரியைப் பற்றிக் கடைநிலை ஊழியர் கையெழுத்திட்டு எழுத முடியுமா? எல்லார் முகத்தையும் அரசுக்கும் நிறுவனத்துக்கும் காட்டிவிட்டால், வலியவன் இழப்பது சிறிது. எளியவன் இழப்பது வேலையும் வீடுமாகும். ஆதலால், குற்றம் செய்தான் என்று ஐயுறத்தக்க ஒருவனை, குறிப்பிட்ட வழக்கில், நீதிமன்ற ஆணையோடு தேடிப் பிடிப்பதை நாம் ஆதரிக்கிறோம். ஒருவனைப் பிடிப்பதற்காக ஊரார் அனைவர் வீட்டுக் கதவையும் கழற்றி வைக்கச் சொல்வதை நாம் ஆதரிக்கவில்லை.

அந்தரங்கத்தின் பெயரால் நம் கண்ணைக் கட்டுவதும் உண்டு என்பதை மறவாதீர்கள். 2023ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வரவேற்கத்தக்கது. 18 வயது நிரம்பாதோர் விவரங்களைப் பெற்றோர் இசைவின்றி நிறுவனங்கள் கையாளலாகாது என்கிறது. அதன் விதிகள் 2025ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயின. படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன. ஆனால் அதே சட்டம், 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற காரணத்தால் விவரம் மறுப்பதை எளிதாக்கிவிட்டது. தாட்கோ கடன் எவருக்குக் கிடைத்தது, தொகுப்பு வீடு எவர் பெயரில் ஒதுக்கப்பட்டது என்று நாம் கேட்டால், 'தனிநபர் தகவல்' என்று கதவைச் சாத்த இது இடம் தரும். பொதுநலன் மிகுதியாயின் தகவல் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. மனு எழுதும் இளைஞர்கள் அதைச் சுட்டிக்காட்டிப் பொதுநலனை விளக்கி எழுதுங்கள். எளியவனின் வீட்டுக்குத் திரை வேண்டும்; அரசுப் பணத்தின் கணக்குக்குத் திரை கூடாது.

நண்பர்களே! உடுமலை நிகழ்ச்சியை முன்னர்க் குறிப்பிட்டோம். குமரலிங்கத்து இளைஞர் சங்கர் கொல்லப்பட்டதையும் கௌசல்யா தாக்கப்பட்டதையும் அங்கிருந்த கண்காணிப்புக் கேமரா பதிவு செய்தது. அப்பதிவு வழக்கில் வலிமையான சான்றாயிற்று. 2017ஆம் ஆண்டு டிசம்பரில் திருப்பூர் நீதிமன்றம் ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020ஆம் ஆண்டு ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம், கௌசல்யாவின் தந்தையை விடுவித்து, ஐவரின் தண்டனையை ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. 2015ஆம் ஆண்டு கொலையுண்ட கோகுல்ராஜ் வழக்கிலும், திருச்செங்கோட்டுக் கோயில் கேமராவின் பதிவு முக்கியச் சான்றாயிற்று. ஆகக் கேமராவும் பதிவும் நமக்குப் பகையல்ல. ஆனால் அந்த உடுமலைப் பதிவு கைப்பேசி கைப்பேசியாகத் தமிழ்நாடெங்கும் சுற்றியது. நாட்டின் மனச்சான்றை அது உலுக்கியது என்பர் சிலர், உண்மையே. ஆயினும் கொலையைக் கொண்டாடுவோர் கையிலும் அதே பதிவுதான் இருந்தது. சான்று நீதிமன்றத்துக்கு உரியது. பிணத்தின் கண்ணியம் அக்குடும்பத்துக்கு உரியது. நம்மவர் குருதி சிந்திக் கிடக்கும் படத்தை அவர் வீட்டார் இசைவின்றி நாமே பரப்புதல் தகாது.

பாதிக்கப்பட்டோர் பெயரும் அவ்வாறே. பொள்ளாச்சி வழக்கில், புகார் கொடுத்த பெண்ணின் பெயரைக் காவல் அதிகாரி ஒருவரே செய்தியாளரிடம் கூறினார். அரசாணையிலும் அது இடம்பெற்றது. அதற்காக அப்பெண்ணுக்கு 25 லட்சம் ரூபாய் இழப்பீடு தரும்படி 2019ஆம் ஆண்டு மார்ச்சில் மதுரை உயர் நீதிமன்றக் கிளை அரசுக்கு ஆணையிட்டது. அவள் பெயரை வெளியிடுவது சட்டப்படி குற்றம். ஆதரவு தெரிவிக்கும் எண்ணத்தில் வெளியிட்டாலும் குற்றமே.

இனி, நாம் செய்யத்தக்கவற்றைக் கூறி முடிப்போம்.

சங்கத்தாருக்கு: கல்வி உதவித் தொகைக்காகப் பிள்ளைகளின் சாதிச் சான்று, ஆதார், வங்கிக் கணக்குப் புத்தகம் ஆகியவற்றின் படங்களைப் பொதுக் குழுவில் பதிவிடச் சொல்லும் வழக்கம் பல சங்கங்களில் காணப்படுகிறது. இவ்வழக்கம் நம் சங்கத்தில் வேண்டாம். உதவித் தொகை அனுப்புகிறோம் என்று பேசிப் பெற்றோர் கணக்கிலிருந்து பணத்தைச் சுருட்டும் கும்பல்கள் குறித்துக் காவல்துறை எச்சரித்திருக்கிறது. ஆவணங்களைச் செயலாளரிடம் நேரில் கொடுக்கட்டும். பணி முடிந்ததும் படிகள் திருப்பித் தரப்படட்டும். உதவி பெறும் பிள்ளையை மேடையில் நிறுத்திப் படம் எடுத்து ஊருக்குக் காட்டுமுன், அப்பிள்ளையின் இசைவையும் பெற்றோர் இசைவையும் கேளுங்கள். ஈதல் நன்று, ஈந்ததைப் பறைசாற்றி வாங்கியவன் தலை குனியச் செய்தல் நன்றன்று.

பெற்றோர்க்கு: மகளின் கைப்பேசியைப் பிடுங்கி மகனிடம் கொடுத்தால், குற்றம் செய்யக்கூடியவன் கையில் கருவியையும், குற்றத்துக்கு ஆளாகக்கூடியவள் வாயில் பூட்டையும் தந்தவர்களாவோம். பொள்ளாச்சியில் மிரட்டியவர்களுக்குத் துணை நின்றது எது? "வீட்டுக்குத் தெரிந்தால் என்னைத்தான் வைவார்கள்" என்று அப்பெண்கள் கொண்ட அச்சமே. "என்ன நடந்தாலும் எங்களிடம் வந்து சொல், அம்மா, உன்னை ஒரு சொல் சொல்ல மாட்டோம்" என்று இன்றிரவே உங்கள் மகளிடம் கூறுங்கள். அதைவிடப் பெரிய காவல் இல்லை. மகனிடமும் கூறுங்கள்: ஒரு பெண் நம்பிக் கொடுத்த படத்தை மற்றொருவனுக்குக் காட்டுவது திருட்டினும் கொடிது, சட்டம் அதற்குச் சிறை வைத்திருக்கிறது. ஆகவே, பெண் பிள்ளைகளுக்குக் கைப்பேசித் தடை விதிக்கும் தீர்மானத்தைச் சங்கம் கைவிட வேண்டும் என்று இம்மேடையிலேயே கேட்டுக்கொள்கிறோம்.

இளைஞர்க்கு: உங்கள் அந்தரங்கம் உங்களுக்கு உரியது, அடுத்தவர் அந்தரங்கம் அவருக்கு உரியது. அனுப்புமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இது உண்மையா? இதை வெளியிட உரியவர் இசைந்தாரா? இதனால் எளியவர் எவருக்கேனும் ஊறு உண்டா? மூன்றுக்கும் விடை தெளிந்த பின், ஆதிக்கத்தை எதிர்த்து எழுதுவதாயின் அஞ்சாமல் எழுதுங்கள். ஒட்டுப் படமோ ஆபாசப் படமோ உங்கள் பெயரில் பரவினால், அதில் உள்ளவரே நிறுவனத்துக்குப் புகார் தெரிவித்தால் குறுகிய காலத்துக்குள் அதை நீக்க வேண்டும் என்று 2021ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. இணையக் குற்றத்துக்கு 1930, சிறுவர் உதவிக்கு 1098 என்ற எண்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். புகார் கொடுக்கத் தயங்கும் பிள்ளையோடு காவல் நிலையம்வரை உடன் செல்ல, சங்கம் இரண்டு பெண்களையும் இரண்டு ஆடவரையும் இவ்விழா முடியுமுன் நியமிக்கட்டும். தனியாகச் செல்பவரை அலைக்கழிப்பது எளிது. நால்வர் உடன் சென்றால் புகாருக்கு இரசீது கிடைக்கும்.

பேசும் உரிமைக்காக நம் முன்னோர் ஏடு நடத்தினர். மறைவுக்கான உரிமையை நீதிமன்றம் 2017ஆம் ஆண்டு உறுதி செய்தது. பாதுகாப்பு மட்டும் எவரும் தந்து வருவதன்று. அண்டை வீட்டார் ஒருவர்க்கொருவர் துணை நிற்பதால் வருவது. இந்த மூன்றையும் பேணக்கூடிய அமைப்பு நம் தெருவில் இச்சங்கத்தையன்றி வேறில்லை. பொன்விழாக் காணும்போது இம்மேடையில் பேச வருபவர் இன்று கடைசி வரிசையில் அமர்ந்திருக்கும் மாணவியருள் ஒருவராக இருத்தல் வேண்டும் என வாழ்த்தி அமைகிறோம்.